கல்யாணத்தின் ஆவி ஜப்பானுக்குப் போன கதை

ஓசூர் பாகலூர் சாலையில் ஒரு மெக்கானிக் கடையின் தகர நிழலில், வெயிலுக்கு ஒதுங்கி பஸ்ஸை எதிர்பார்த்து நான் நின்றுகொண்டிருந்த வேளையில், கடைப் பையன் எங்கிருந்தோ தள்ளிக்கொண்டு வந்த ஒரு பழைய இண்ட்-சுசுகி மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்ப முயன்றான். முதல் உதைகளுக்கு அது மசியவில்லை; சோக்கை இழுத்து, பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டி, மறுபடியும் அவன் உதைத்தபோது, ஒரு செருமலுடன் விழித்துக்கொண்டு, நீலப் புகையைக் கக்கியவாறு படபடவென்று ஓடத் தொடங்கிற்று. பஸ்ஸுக்கு நின்ற இளைஞர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். நானோ, பெட்ரோலோடு டூ-டி ஆயில் சேர்ந்து எரிகிற அந்த வாசனையை, சந்நிதியில் சாம்பிராணிப் புகையைக் கைகளால் வாரி முகத்தில் ஒற்றிக்கொள்ளும் பாட்டிமாரின் பக்தியோடு உள்ளே வாங்கிக்கொண்டேன். அந்தப் புகையினூடே எனக்கு எழுந்து வந்தவை யந்திரங்களும் தொழிற்சாலைகளும் அல்ல. எத்துப் பல்லும் அசட்டுச் சிரிப்புமாக ஓர் ஆவியும், அந்த ஆவியை எனக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து பார்த்த ஒரு ஜப்பானியரும், எங்கள் வீட்டுக்கார அவ்வாவும்தான்.

அந்நாளைய ஓசூரை இன்றைய ஓசூர்வாசிகளுக்கு வர்ணித்துக் காட்டுவது சுலபமான காரியமல்ல. கிருஷ்ணகிரி தனி ஜில்லாவாகப் பிரிந்தது 2004இல்தான். அதற்கு முன்பு நாங்கள் எல்லோரும் தர்மபுரி ஜில்லாவின் பிரஜைகள். மலைமேல் சந்திரசூடேஸ்வரர், கீழே கேழ்வரகுக் கொல்லைகள், ஒரு பக்கம் ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி, மற்றொரு பக்கம் கும்பினியார் காலத்தில் 1824இல் ஏற்பட்ட மத்திகிரிக் கால்நடைப் பண்ணை. இவற்றைத் தவிர விசேஷமாகச் சொல்லிக்கொள்ள அதிகமில்லாத ஓர் எல்லையோரத்து ஊர், சிப்காட் தொழிற்பேட்டை என்ற மந்திரம் ஓதப்பட்ட பிற்பாடு, கண்ணெதிரே உருமாறத் தொடங்கியிருந்தது. அசோக் லேலண்டின் லாரிச் சட்டங்கள் உடம்பில்லாமல் வெறும் எலும்பும் சக்கரமுமாக, மேலே ஒரு முண்டாசுக்கார டிரைவரை மட்டும் சுமந்துகொண்டு நெடுஞ்சாலையில் அணிவகுத்துப் போகும். டி.வி.எஸ். 50 வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. பால்காரரிலிருந்து பள்ளிக்கூட வாத்தியார் வரை அதில்தான் ஆரோகணித்துச் சென்றார்கள்.

நான் காவேரிப்பட்டணத்திலிருந்து, ஐ.டி.ஐ. சான்றிதழும் ஒரு தகரப் பெட்டியுமாக, வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலைக்கு அப்பிரண்டிஸாக வந்து சேர்ந்தவன். லைன் வீடு ஒன்றில், ஓட்டுக்கூரை அறையொன்றில், நாங்கள் நாலைந்து பேர். ஒருவன் திருநெல்வேலிச் சீமை, ஒருவன் மதுரைக்குத் தெற்கே, ஒருவன் பாலக்காடு. இராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து தூக்கம் பிடிக்காத வேளைகளில், பசியையும் ஊர் ஏக்கத்தையும் மறப்பதற்காக நாங்கள் பேசிய பேச்சில் பாதி பேய்க் கதை. திருநெல்வேலிக்காரன் சுடலைமாடனை அழைத்து வருவான். மதுரைக்காரன் கொள்ளிவாய்ப் பிசாசை ஏவுவான். பாலக்காட்டுக்காரன் பனைமரத்து யட்சியை, அவள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கும் குரல் உட்பட, நடித்தே காட்டிவிடுவான். ஓசூரின் புதுத் தெருக்களுக்கு மட்டும் சொந்தமாகப் பேய் கிடையாது. அங்கே இன்னும் ஒருவரும் செத்திருக்கவில்லை, அவ்வளவுதான்! ஊரை விட்டு வந்தவர்கள் ஊறுகாய் ஜாடியோடும் ஜமக்காளத்தோடும் தத்தம் பேய்களையும் கூடவே கொண்டு வந்திருந்தார்கள்.

வீட்டுக்கார அவ்வா வீட்டுக்குள்ளே தெலுங்கும், காய்கறிக்காரியிடம் கன்னடமும், எங்களிடம் தமிழும் பேசுவார். வாடகை விஷயத்தில் மட்டும் மூன்று பாஷைகளையும் ஒரே வாக்கியத்தில் பிரயோகிப்பார். களியும் கீரைச் சாறும் செய்த நாட்களில் எங்கள் அறைக்கும் ஒரு பாத்திரம் வரும். அவருக்கு உலகத்தில் இரண்டே சுகங்கள்: ஒன்று புகையிலை, மற்றொன்று சினிமா. எந்தப் பாஷைப் படமாக இருந்தாலும், யாராவது துணைக்கு வந்தால் போதும்.

ஜப்பான் எங்களுக்கு அப்போது முழுக்க அந்நியமான தேசமல்ல. அது சாமான்களாக முன்னாலேயே வந்திருந்தது. என் அத்தையின் கல்யாணத்தில் ஜப்பான் நைலக்ஸ் புடவைக்காக நடந்த மனஸ்தாபம் வெகுகாலம் தீரவில்லை. வளைகுடாவிலிருந்து ஒருவர் விடுமுறைக்கு வந்தால், அவர் கொண்டுவந்த டூ-இன்-ஒன் டேப்ரிகார்டரைப் பார்க்கவே தெரு கூடும். சினிமாவாகவும் வந்திருந்தது: ஒஸாகா நகரத்தில் 1970இல் நடந்த உலகக் கண்காட்சியிலே எம்.ஜி.ஆர். படம் பிடித்து வந்து, 1973இல் வெளியிட்ட ‘உலகம் சுற்றும் வாலிப’னைப் பார்த்துவிட்டு, ஜப்பானுக்கே போய் வந்த தோரணையில் பேசினவர்கள் எங்கள் தாலுகாவில் அநேகர். ஆனால் ஜப்பான் எங்கள் ஊருக்கே வேலைக்கு வந்தது, டி.வி.எஸ். குழுமமும் சுசுகியும் 1982இல் கைகோத்துக்கொண்டு, ஓசூரிலிருந்து 1984இல் அந்த நூறு சி.சி. மோட்டார் சைக்கிளை வெளியிட்ட பிறகுதான். அதுவரை புல்லட், ஜாவா, ராஜ்தூத் என்று கனத்த வண்டிகளையே கண்டிருந்த சாலையில், ஒல்லியாக, சீறிக்கொண்டு பாய்ந்த அந்த வண்டியை முதன்முதலாகப் பார்த்த அவ்வா, “ஏம்பா, இது வயித்துக்குச் சோறு தின்னாதா?” என்று கேட்டார்.

அந்தச் சூழ்நிலையில் சுற்றுவட்டாரத்துச் சிறு தொழிற்சாலைகளுக்கும் அவ்வப்போது ஜப்பானியர்கள் வருவதுண்டு. எங்களிடம் வந்தவர் நடுத்தர வயது; வார்ப்பு வேலையில் நிபுணர். காலையில் எல்லோருக்கும் முன்பாக வந்து, நாங்கள் பெருக்கி வைத்த தரையை மறுபடியும் தாமே பெருக்குவார். முதலில் எங்களுக்கு அது அவமானமாகவும், பிறகு வேடிக்கையாகவும், கடைசியில் பழக்கமாகவும் ஆயிற்று. எல்லையோரத்து ஜூஜூவாடிப் பெயர்ப்பலகையைப் பார்த்து, தம் ஊர்ப் பக்கத்துப் பெயரோ என்று அவர் வண்டியை நிறுத்தச் சொன்னதாக டிரைவர் சொல்லித் திரிந்த கதைக்கு நான் உத்தரவாதமில்லை.

இந்த நிலையில்தான் 1985இல் ‘ஜப்பானில் கல்யாணராமன்’ வந்தது.

அதற்கு முந்திய கதையைச் சொன்னால்தான் இது விளங்கும். 1979இல், ஜி.என். ரங்கராஜன் டைரக்‌ஷனில், பஞ்சு அருணாசலத்தின் கதைவசனத்துடன் வந்த ‘கல்யாணராமன்’ படத்தைக் காவேரிப்பட்டணத்தில் டெண்ட் கொட்டகை மணலில் உட்கார்ந்து, பாட்டியின் மடியில் பொரிகடலையை வைத்துக்கொண்டு நான் பார்த்திருந்தேன். கமல்ஹாசனுக்கு அதில் இரட்டை வேஷம். மலையில் எஸ்டேட் வாரிசாக வளர்ந்த கல்யாணம் எத்துப் பல்லோடு, வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற அப்பாவி. பட்டணத்தில் வளர்ந்த ராமன் துடுக்கன். ஸ்ரீதேவியிடம் மனத்தைப் பறிகொடுத்த கல்யாணத்தைச் சொத்துக்காகக் கொன்றுவிடுகிறார்கள். கொல்லப்பட்டவன் ஆவியாக வந்து, கூடப் பிறந்தவன் உடம்புக்குள் புகுந்துகொண்டு கணக்கைத் தீர்க்கிறான். வேறு எவராவது எடுத்திருந்தால் நெஞ்சைப் பிளக்கிற சோகமாகவோ, இரவில் விளக்கை அணைக்க விடாத பயங்கரமாகவோ ஆகியிருக்க வேண்டிய விஷயம். அவர்கள் அதைச் சிரிப்பாக்கினார்கள். அந்த ஆவி பல்லைக் காட்டிச் சிரித்தது. பெண்ணைக் கண்டால் கூச்சப்பட்டது. கொட்டகையில் ஒரு குழந்தைகூட அழவில்லை.

படம் முடிந்து, பெண்ணையாற்றுப் பக்கமாக நிலவில் வீட்டுக்கு நடக்கையில் என் பாட்டி, கதாநாயகனைப் பற்றியும் கதாநாயகியைப் பற்றியும் ஒன்றும் சொல்லாமல், “பாவம், கல்யாணம் ஆகாம போன புள்ள. யாராச்சும் அவனுக்கு ஒரு வேட்டி துண்டு வெச்சுப் படைச்சிருந்தா இப்படி அலைஞ்சிருக்க மாட்டான்” என்று மட்டும் சொன்னாள். வட ஆற்காடு, தர்மபுரிப் பக்கத்துக் குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இந்தப் பேச்சில் ஆச்சரியம் இராது. எங்கள் வீடுகளில் கல்யாணம் வைத்தால் முதல் அழைப்பு குலதெய்வத்துக்கு. அதனோடு ஒட்டியது பூவாடைக்காரிக்கு. வாழ வேண்டிய வயதில், பூவும் மஞ்சளுமாகவோ, கழுத்தில் தாலி ஏறாமலோ இறந்துபோன பெண்தான் வீட்டுக்குப் பூவாடைக்காரி. நீர்நிலைக்குப் போய், குடத்தில் நீர் மொண்டு, பூச்சுற்றி, அவளை வரச் சொல்லிப் பாடி அழைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, புதுப்புடவையும் பலகாரமும் வைத்துப் படைத்த பிறகுதான் பந்தக்காலே நடுவார்கள். எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி என் பாட்டியின் நாத்தனார். அம்மை கண்டு போனவள். அவள் பெயரைப் பாட்டி ஒரு நாளும் பயத்தோடு உச்சரித்ததில்லை. “அவளுக்கு அதிரசம்னா உசிரு, வெல்லம் கொஞ்சம் தூக்கலாப் போடு” என்று அடுப்படியில் அம்மாவுக்குக் கட்டளையிடுகிற தோரணையில்தான் பேசுவாள். ஆகையால் கல்யாணத்தின் ஆவியும் பாட்டிக்கு ஒரு பேயல்ல. முறையாக அழைக்கப்படாத உறவுக்காரப் பிள்ளை.

அந்தப் பிள்ளை இப்போது சகோதரனோடு ஜப்பானுக்கே கிளம்பிவிட்டான் என்ற செய்தி, எங்கள் லைன் வீட்டில் உண்டாக்கிய உற்சாகத்தைச் சொல்லி முடியாது. ஒரு படத்தின் கதையை அடுத்த படத்தில் தொடர்வது தமிழில் அபூர்வமாக இருந்த காலம். டைரக்‌ஷன் எஸ்.பி. முத்துராமன், கதாநாயகி ராதா, வில்லன் சத்யராஜ், கூடவே கவுண்டமணி. அந்த வருஷம் தோக்கியோவுக்கு வடகிழக்கே ட்சுகுபா என்ற விஞ்ஞான நகரத்தில் மார்ச் முதல் செப்டம்பர் வரை நடந்த சர்வதேசக் கண்காட்சிக்கே போய்ப் படம் பிடித்திருந்தார்கள். அந்தக் கண்காட்சியில் வாஸேதா சர்வகலாசாலைக்காரர்கள் தயாரித்த எந்திர மனிதன் ஒன்று இசைக்குறிப்பைக் கண்ணால் படித்து ஆர்கன் வாசித்ததாம். மற்றவர்கள் எந்திரத்துக்கு உயிரூட்டி எடுத்துச் சென்ற இடத்துக்கு, உடம்பை இழந்த ஓர் உயிரை எடுத்துச் சென்றவர்கள் நம்மவர்கள்! இதில் எனக்கு இன்றளவும் ஓர் அல்ப சந்தோஷம் உண்டு.

சுவரொட்டியில் ஜப்பான் என்று எழுதியிருப்பதாகவும், பின்னணியில் தம் தேசத்துக் காட்சிகள் இருப்பதாகவும் யாரோ சொல்ல, நம் வார்ப்பு நிபுணர் தாமும் வருவதாகச் சொல்லிவிட்டார். மேனேஜருக்குக் கவலை: மூட்டைப்பூச்சி கடித்து விருந்தாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பால்கனி டிக்கட் எடுத்து, நாற்காலிமேல் துண்டு விரித்து, பக்கத்தில் என்னையும், துணைக்குத் துணையாக அவ்வாவையும் உட்கார வைத்தார்கள். அவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் ஒரே தரத்தவை. ஆகையால் எங்களுக்குள் சம்பாஷணை தடையின்றி நடந்தது.

படத்தைப் பற்றி இப்போது யோசித்துப் பார்த்தால், முதல் படத்திலிருந்த ரஸம் இதில் இல்லை என்றே என் அபிப்பிராயம். முதல் படத்தில் ஆவிக்கு ஒரு துக்கம் இருந்தது. அதனால் சிரிப்பு எடுபட்டது. இதில் துக்கம் கரைந்து, ஆவி சுற்றுலாப் பிரயாணியாகிவிட்டது. ஆனால் அன்றிரவு அதையெல்லாம் எடைபோட எங்களுக்கு நேரமில்லை. ஜப்பானியர் நாங்கள் சிரிக்கிற இடத்தில் வாளாவிருந்தார். ஒருவரும் சிரிக்காத இடத்தில், பின்னால் நடந்துபோகிற தம் ஊர்க்காரர்கள் காமிராவைத் திரும்பிப் பார்த்துவிட்டு நகர்கிற காட்சிகளில், முழங்காலைத் தட்டிக்கொண்டு சிரித்தார். ரயில் நிலையம் ஒன்று வந்தபோது எழுந்தே நின்றுவிட்டார். பின்வரிசையிலிருந்து வந்த அதட்டலுக்குக் குனிந்து வணங்கிவிட்டு உட்கார்ந்தார். இடைவேளையில் முறுக்கைக் கடித்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: “உங்கள் பேய்க்குக் கால் இருக்கிறதே, அது எப்படி?”

அவர் தேசத்துப் பேய்களுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லையாம். பதினெட்டாம் நூற்றாண்டில் மாருயாமா ஓக்யோ என்ற சித்திரக்காரர் அப்படி வரைந்ததிலிருந்து, எல்லோரும் பேய்க்குக் கால் இல்லை என்றே எழுதியும் நடித்தும் வருகிறார்களாம். இதை நான் அவ்வாவுக்கு மொழிபெயர்த்தேன். அவ்வா வாயிலிருந்த புகையிலையை ஒதுக்கிக்கொண்டு, “நம்ம ஊருலே மட்டும் என்னவாம்? பேய்க்குக் கால் தரையிலே பாவாதுன்னு எல்லாருக்கும் தெரியும். சினிமாக்காரங்களுக்குத்தான் தெரியலே” என்றார். இதை நான் திருப்பிச் சொன்னதும் ஜப்பானியர் அவ்வாவை நோக்கித் தலை தாழ்த்தினார். அந்த நிமிஷத்திலிருந்து இருவருக்கும் நடுவில் நான் வெறும் குழாயாகிவிட்டேன்.

படம் விட்டு நடந்து வருகிற வழியில் அவர் சொன்னதுதான் எனக்கு மறக்கவில்லை. அவர்கள் ஊரில் ஆகஸ்டு மாத நடுவில் ஓபோன் என்று ஒரு பண்டிகை. செத்துப்போன முன்னோர்கள் வீட்டுக்கு வந்து சில நாள் தங்குவார்கள். வாசலில் சிறு நெருப்பு மூட்டி வழி காட்டி அழைப்பார்கள். ஊரே கூடி அவர்களுக்காக நடனமாடும். வெள்ளரிக்காய்க்குக் குச்சியால் நாலு கால் செருகிக் குதிரையாகவும், கத்தரிக்காய்க்கு நாலு கால் செருகி மாடாகவும் செய்து வைப்பது வழக்கம். வருகிறபோது சீக்கிரம் வர வேண்டும், ஆகவே குதிரை. திரும்புகிறபோது மெதுவாகப் போகட்டும், ஆகவே மாடு. அவ்வா நடையை நிறுத்திவிட்டார். “கத்தரிக்காயா? நெஜமாவா?” என்று இரண்டு தடவை என்னைக் கேட்டு ஊர்ஜிதம் செய்துகொண்டு, பிறகு கொஞ்ச தூரம் பேசாமல் நடந்து, “நாம காக்காய்க்குச் சோறு வெச்சு உடனே கையைக் கழுவிக்கறோம். அவங்க வண்டி கட்டி அனுப்பறாங்க. மரியாதை தெரிஞ்ச ஜனம்” என்றார். அடுத்த மகாளய அமாவாசைக்கு அவ்வாவின் வீட்டுப் படையலில், வடைக்கும் பாயசத்துக்கும் நடுவே, தென்னங்குச்சிக் காலோடு ஒரு கத்தரிக்காய் நின்றிருந்ததை நான் கண்ணால் கண்டேன். புரோகிதர் கேட்டதற்கு என்ன சமாதானம் சொன்னார் என்பது எனக்குத் தெரியாது.

அந்த ஜப்பானியர் தம் வேலை முடிந்து போய்விட்டார். சில வருஷங்களுக்குப் பிறகு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஓசூருக்கும் கடைசியில் சொந்தமாக ஒரு பேய் வந்து சேர்ந்தது. அத்திப்பள்ளிக்கு அப்பாலிருந்து, கர்நாடகம் முழுவதும் பரவியிருந்த ஒரு வதந்தி, சோதனைச் சாவடியில் வரி கட்டாமல் எல்லையைத் தாண்டிவிட்டது. இரவில் ஒரு பெண் வந்து, நமக்கு வேண்டியவர்களின் குரலில் கூப்பிட்டுக் கதவைத் தட்டுவாளாம். திறந்தால் ஆள் காலியாம். சிலர் அவள் மணக்கோலத்தில் புருஷனைத் தேடி அலைகிறாள் என்றார்கள். கதவில் ‘நாளே பா’ என்று கன்னடத்தில் எழுதி வைத்தால், நாளைக்கு வரலாம் என்று திரும்பிப் போய்விடுவாள். மறுநாளும் அதையே படித்துவிட்டுப் போவாள். தெலுங்கு தேசத்திலும் அதே பெண், அதே தவணை. எங்கள் லைன் வீட்டில் எழுந்த தர்க்கமோ வேறு. பெங்களூர் பஸ்ஸில் வருகிறவள் கன்னடம் படிப்பாள், சரி. சித்தூர்ப் பக்கமாக வந்தால்? கிருஷ்ணகிரியிலிருந்து வந்தால்? அவ்வா ஒரு முடிவுக்கு வந்து, எங்கள் எல்லோர் கதவிலும் மூன்று பாஷையிலும் சுண்ணாம்பால் எழுதச் சொன்னார். தமிழ் எழுதின கை என்னுடையது. அந்த நாட்களில் நைட் ஷிப்டிலிருந்து வந்து கதவைத் தட்டுகிறவன் தன் பெயரையும் டோக்கன் நம்பரையும் சேர்த்துச் சொன்னால்தான் தாழ்ப்பாள் திறக்கும்.

வெகுகாலம் கழித்து, ‘போத்தான் தோரோ’ என்ற ஜப்பானியப் பழங்கதையை ஒரு புஸ்தகத்தில் படிக்கும்போது, இந்தச் சுண்ணாம்பு எழுத்துக்கள்தான் கண்முன் வந்து நின்றன. பூப்போட்ட விளக்கைத் தோழி ஏந்தி முன்னால் வர, ஓட்ஸுயு என்ற பெண் இரவுதோறும் காதலன் வீட்டுக்கு வருகிறாள். அவள் உயிரோடில்லை என்பது அவனுக்குப் பிற்பாடே தெரிகிறது. மந்திரம் எழுதிய காகிதங்களை வீட்டில் ஒட்டி அவளைத் தடுக்கிறார்கள். ஆவிகளோ அடுத்த வீட்டுக்காரனுக்குக் காசு கொடுத்து அந்தக் காகிதத்தைக் கிழிக்கச் செய்கின்றன! லஞ்சம் கொடுக்கத் தெரிந்த பேய் என்பது எனக்கு மிகவும் பரிச்சயமான உலகமாகத் தோன்றிற்று. சீனத்திலிருந்து வந்து, பதினேழாம் நூற்றாண்டில் ஜப்பானிய உடை தரித்து, பிற்பாடு என்ச்சோ என்ற கதாகாலட்சேபக்காரரின் வாயில் புகழ்பெற்ற கதை அது. லாப்காடியோ ஹெர்ன் அதை இங்கிலீஷில் எழுதினார். காதலும் பேயும் கோமாளித்தனமும் ஒரே கூரையின்கீழ் குடியிருக்க அந்தத் தேசத்தார் வெட்கப்பட்டதே இல்லை. நாமும் வெட்கப்பட்டதில்லை; ஜாவர் சீதாராமன் பூதமாக வந்து ஜெய்சங்கரின் காதலுக்குத் தூது நடந்த ‘பட்டணத்தில் பூதம்’ வந்தது 1967இல். 1998இல் ரஜினிகாந்தின் ‘முத்து’ தோக்கியோவின் ஷிபுயா வட்டாரத்தில் மாதக்கணக்கில் ஓடி, ஜப்பானியப் பெண்மணிகள் தமிழ்ப் பாட்டுக்கு ஆடினார்கள் என்று பத்திரிகைகளில் படித்தபோது, முழங்காலைத் தட்டிச் சிரித்த அந்த மனிதரும் கூட்டத்தில் ஒருவராக உட்கார்ந்து பார்த்திருப்பாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

டி.வி.எஸ்.ஸும் சுசுகியும் 2001இல் பாகம் பிரித்துக்கொண்டன. ஓசூர் 2019இல் மாநகராட்சியாயிற்று. ஏதர் மின்சார ஸ்கூட்டர் ஓசூரிலும், ஓலா போச்சம்பள்ளியிலும் உற்பத்தியாகின்றன. வாசனையும் இல்லை, சத்தமும் இல்லை. பின்னால் வந்து நின்ற பிறகே வந்தது தெரிகிறது. அவ்வாவின் லைன் வீடு இருந்த இடத்தில் நாலு மாடிக் கட்டடம். அதன் அறைகளில் இப்போது ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பிள்ளைகள். ஷிப்ட் முடிந்த ராத்திரிகளில் அவர்கள் என்ன பேய்க் கதை பேசுகிறார்கள் என்று கேட்டு வர எனக்கு ஆசை, ஹிந்தி போதவில்லை.

என் தம்பி மகள் ஓசூரிலேதான் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் உத்தியோகம் பார்க்கிறாள். ஜப்பானியக் கார்ட்டூன் படங்களில் அவளுக்குப் பைத்தியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வலுக்கட்டாயமாக உட்கார வைத்து, மகோதோ ஷின்காய் எடுத்த ‘கிமி நோ நா வா’ என்ற 2016ஆம் வருஷத்துப் படத்தைப் போட்டுக் காட்டினாள். மலைக் கிராமத்துப் பெண்ணும் தோக்கியோ பையனும் தூங்கி எழும்போது ஒருவர் உடம்பில் ஒருவர் புகுந்து, ஒருவர் வாழ்க்கையை மற்றொருவர் தாறுமாறாக்கி, நமக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு மூட்டிவிட்டு, பாதிக்கு மேலே, அந்தப் பெண் வால்நட்சத்திரம் விழுந்து மூன்று வருஷத்துக்கு முன்பே மாண்டுபோனவள் என்று தெரிகிறபோது தொண்டையை அடைக்கச் செய்கிற படம். முடிந்ததும், “எப்படி இருக்கு பெரியப்பா?” என்றாள். “இது நம்ம கல்யாணராமன்தானேம்மா” என்றேன். அவளுக்கு மகா கோபம். அன்று இரவே பதிலுக்கு நான் ‘கல்யாணராம’னைப் போட்டுக் காட்டினேன். சண்டைக் காட்சிகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தாள்; எத்துப் பல் கல்யாணம் இறந்துபோன இடத்தில் மட்டும் தள்ளவில்லை. “ஒங்க பேய் ரொம்ப நல்ல பையன் பெரியப்பா. எங்காளுங்களைவிட வெட்கம் ஜாஸ்தி” என்பது அவள் தீர்ப்பு.

அவளுக்குப் போன தை மாதம் கல்யாணமாயிற்று. மாப்பிள்ளை ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக் குடும்பம். வேலை செய்கிற இடத்தில் பார்த்துப் பிடித்துக்கொண்டவர்கள். ஓசூர் ரிங் ரோடு ஓரத்தில் குளிர்சாதன மண்டபம். முந்தின நாள் பூவாடைக்காரியை அழைக்க வேண்டும் என்று என் தங்கை நினைவுபடுத்தியபோதுதான், அழைப்பதற்குக் கிணறு எங்கே, குளம் எங்கே என்ற பிரச்சினை எழுந்தது. பக்கத்து ஏரியில் நுரை பொங்கி நின்றது. மண்டபத்தின் ஆழ்துளைக் கிணற்றுக்கு மோட்டாரும் பூட்டும்தான் இருந்தன, நீர் கண்ணுக்குத் தெரியவில்லை. கடைசியில் சமையல்கட்டிலிருந்து இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றைக் கொண்டுவந்து, அதிலிருந்து குடத்துக்கு ஊற்றி, மல்லிகை சுற்றி, மஞ்சள் பூசி, லிப்ட் வாசலில் வைத்து என் அத்தை பாட ஆரம்பித்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தாங்களும் ஒரு முழம் பூ கொடுத்தார்கள்.

“கேன் தண்ணிக்கு அவ வருவாளா?” என்று கல்யாணப் பெண்ணே சந்தேகம் கேட்டாள்.

அத்தை பாட்டை நிறுத்தவில்லை. கையால் மட்டும் அவளை உட்காரச் சொன்னாள். பக்கத்திலிருந்த என் தங்கைதான் பதில் சொன்னாள்: “கல்யாணம் ஜப்பானுக்கே போய்ட்டு வந்தான். இவளுக்குக் காவேரிப்பட்டணத்திலிருந்து ஓசூர் வர்றதுக்கு என்னடி? நீ போய் அதிரசத்துலே வெல்லம் போதுமான்னு பாத்துட்டு வா.”